காங்கேயத்து ஆழ்துளைக் கிணற்றில் மாற்றிய வளையம்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில், இரண்டு நாட்டு அரசுகள் பணம் கொடுத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்றை ஒரே பிற்பகலில் நான் கெடுத்தேன். கெடுக்கும்போது கெடுக்கிறோம் என்று தெரியவில்லை. தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. முதலாவது எங்கள் தொழிலின் குணம். இரண்டாவது என்னுடைய குற்றம். வயதான காலத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் எழுதிவைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பட்டறை பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்கள் செய்கிறோம். நான் பொறியியலில் முதுகலை படித்தவன். கொஞ்ச காலம் கல்லூரியில் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் மோட்டார் வரைந்து அலுத்துப்போய், நிஜ மோட்டார் செய்ய வந்துவிட்டேன். நன்றாகவே செய்தேன். அதில் எனக்கு அடக்கம் எதுவும் கிடையாது. ஆனால் பெரிய கம்பெனிகளின் மோட்டார்களை விட்டுவிட்டு ஜனங்கள் எங்களுடையதை வாங்கியதற்குக் காரணம் மோட்டார் மட்டுமல்ல. நின்றுபோச்சு என்று போன் வந்தால், அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வரவைத்துவிடுவோம். கல்யாணப் பந்தியில் பாதி இலையில் எழுந்து போயிருக்கிறேன். பொங்கலன்று போயிருக்கிறேன். தண்ணீர் நின்ற தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவது எங்கள் தொழிலில் அவமானம்.

அந்த வேலையில் காரணம் ஆராய்வதெல்லாம் கிடையாது. தேய்ந்ததைக் கழற்றி எறிய வேண்டும், புதியதை மாட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள்.

மானியத்தைக் கண்டுபிடித்தவள் என் மருமகள். மகன் விற்பனையைப் பார்த்துக்கொண்டு வெளிமாநிலங்களிலேயே சுற்றிக்கொண்டிருப்பான். பட்டறையில் வடிவமைப்பு, சோதனை எல்லாம் அவள் கையில். ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். எங்களைப் போன்ற சிறிய, நடுத்தரக் கம்பெனிகளுக்கென்றே வைத்த சர்வதேச ஆராய்ச்சி மானியம் அது. இந்தியக் கம்பெனி ஒன்றும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து, இதுவரை சந்தையில் இல்லாத ஒரு பொருளை உருவாக்க வேண்டும். அவரவர் செலவில் ஒரு பகுதியை அவரவர் அரசு தரும். மீதியை நாமே போட வேண்டும்.

“சும்மா எவனாச்சும் பணம் குடுப்பானா அம்மணி? ஜெயிக்காட்டித் திருப்பிக் கேப்பாங்க.”

“கேக்க மாட்டாங்க மாமா. செஞ்சு பாத்து வரலீன்னாலும் பரவாயில்லீங்க. ஏன் வரலீன்னு சொன்னாப் போதுமுங்க.”

“வராததுக்குக் காசு குடுக்கறவங்கள இப்பத்தான் கேள்விப்படறேன்.”

“அதுக்குப் பேருதானுங்க ஆராய்ச்சி.”

நான் சிரித்தேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்ததாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் ஒரு பகுதி எனக்கு அறவே பிடிக்கவில்லை. இந்த முயற்சி எந்தெந்தக் காரணங்களால் தோற்கலாம் என்று விரிவாக எழுதச் சொன்னார்கள். “முகூர்த்தக்கால் நடறப்பவே தாலி அறுக்கறதப் பத்திக் கேக்கறாங்களே, இவங்களுக்கு நல்லது கெட்டது தெரியாதா?” என்றேன். அவள் தானே உட்கார்ந்து எழுதினாள்: கிணற்று நீரில் மணல், உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீர், ஏறி இறங்கும் மின்சாரம். மூன்றையும் படித்துவிட்டு, “நம்ம மோட்டாரு இதெல்லாம் பாக்காததா?” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நான்காவதாக ‘மாமனார்’ என்று சேர்த்திருக்கலாம் என்று பிற்பாடு ஒருமுறை அவளிடமே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

கூட்டாளி பின்லாந்தில் கிடைத்தார். ஒரு ஏரிக்கரை ஊரில் அண்ணனும் தங்கையுமாக நடத்தும் சின்னக் கம்பெனி. தங்கைதான் பொறியாளர், ஐம்பது வயதைக் கடந்தவர், பையனைப் போலக் கிராப் வெட்டியவர். நீர்மூழ்கி மோட்டாரின் அடியில் ஒரு வளையம் இருக்கும். சுழலும் பாகத்தின் மொத்தப் பாரத்தையும் அதுதான் தாங்கும். நாங்கள் எல்லோரும் கார்பனில் செய்த வளையம்தான் போடுவோம். அவர்கள் ஏதோ பொடிகளைக் கலந்து அழுத்தி, உலையில் சுட்டு, கருகருவென்று புது வளையம் ஒன்று செய்திருந்தார்கள். கார்பனைவிடப் பல மடங்கு உழைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை எங்கள் மோட்டாரில் வைத்து, எங்கள் பூமியின் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதுதான் திட்டம். மானியம் கிடைத்தது. மருமகள் திட்டத்தலைவி. பட்டறையில் எல்லோருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தோம்.

முதல் வளையங்களை அந்தப் பின்லாந்துப் பொறியாளரே நேரில் கொண்டுவந்தார். உடைந்துவிடக்கூடாதென்று கம்பளிக் காலுறைகளுக்குள் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். அவரைக் காங்கேயத்துக்கு அழைத்துப் போனோம். மதுக்கரைப் பக்கம் ஒன்று, எங்கள் பட்டறைக் கிணற்றில் ஒன்று என்று வேறு மோட்டார்களும் சோதனையில் இருந்தாலும், முக்கியமானது காங்கேயம்தான். ஆழம் அதிகம், தண்ணீர் கடினம். அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும்.

தோட்டக்காரர் என் வயதுக்காரர், நெடுநாளைய வாடிக்கையாளர். தென்னையும் கொஞ்சம் காங்கேயம் மாடுகளும் வைத்திருக்கிறார். விருந்தாளிக்குத் தன் கையாலேயே இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, “ஏனுங்க, அவிய ஊர்ல போர் எத்தன அடி ஓட்டறாங்கன்னு கேளுங்க” என்றார். மருமகள் கேட்டுச் சொன்னாள்: அங்கே எங்கே பார்த்தாலும் ஏரி, தண்ணீர் மேலேயே கிடக்கிறது.

“அப்பறம் அந்தம்மாளுக்கு மோட்டாரு எதுக்குங்க? சொம்பு எடுத்துட்டுப் போனா மொண்டுக்கலாமே!”

அதையும் மொழிபெயர்த்தாள். பின்லாந்துக்காரர் இளநீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். பிறகு முகம் மாறி, என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்: வளையம் உடைந்தால் தயவுசெய்து எதையும் தொடாதீர்கள். மோட்டாரை நிறுத்தி, எடுத்து, திறக்காமல் அப்படியே வைத்துச் சொல்லியனுப்புங்கள். உடைந்த வளையம்தான் எனக்கு வேண்டும்.

“சரிங்க” என்றேன். விருந்தாளி எது சொன்னாலும் நாங்கள் சரிங்க என்போம்.

மோட்டாரை இறக்கினோம். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்தோம். மோட்டார் எப்போது ஓடுகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை அது இரண்டு நாட்டுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சித்திரை வெயிலில் ஒருநாள் தோட்டக்காரர் கூப்பிட்டார். “ஏனுங்க, உங்க சீமை மோட்டாரு படுத்துக்கிச்சுங்க. ஸ்டார்ட்டரப் போட்டா டப்புன்னு உழுந்துருது. காலையில இருந்து மாடு தொட்டிய நக்கீட்டு நிக்குதுங்க.”

“இருங்க, வாரேன்.”

மருமகள் அன்று பெங்களூர் போயிருந்தாள். மோட்டார் தூக்கும் வண்டியைச் சொல்லிவிட்டு, மோட்டார் கழற்றி மாட்டும் எங்கள் பிட்டரோடு நான் கிளம்பினேன். மோட்டாரை மேலே எடுத்துத் திறந்தோம். கருப்பு வளையம் ஒரு பக்கம் உடைந்து, மேலெல்லாம் நகத்தால் கீறியதுபோல் கோடு கோடாக இருந்தது.

“சார், தொறக்காம எடுத்தாரச் சொல்லி அம்மணி சொல்லுச்சுங்களே” என்றான் பிட்டர்.

“தொறந்தாச்சல்ல? மொதல்ல தண்ணிய உடலாம். அப்பறம் பேசிக்கலாம்.”

வண்டியில் எங்கள் பழைய கார்பன் வளையம் எப்போதும் இருக்கும். அதை மாட்டச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டினான். பொழுதோடு தண்ணீர் வந்தது. மாடுகள் தொட்டியில் மூக்கை முக்கிக் குடித்தன. தோட்டக்காரர் மனைவி மோர் கொண்டுவந்தார். உடைந்த வளையத்தை மோட்டார் அறைச் சுவர்மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

மாடுகளுக்காகத்தான் செய்தேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. பட்டறையில் மாற்று மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. கிளம்பும்போதே அதை வண்டியில் ஏற்றி வந்திருந்தால் மாடும் குடித்திருக்கும், சோதனையும் கெட்டிருக்காது. எனக்கு அந்த யோசனையே வரவில்லை. என் பெயர்ப்பலகை ஒட்டிய மோட்டார் நின்றுகிடக்கிறது என்று ஒரு பெட்டி பின்லாந்து வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை உடனே வாயடைக்க வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது.

அடுத்த நாள் மருமகள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “மாமா, நேத்து காங்கேயத்துல கரெண்ட் இல்லீங்களா? ரொம்ப நேரம் ஓடவே இல்லியே.”

பொய்யை நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“ஆமா அம்மணி, ஷட்டவுன்.”

அவள் அப்படியே பதிந்துகொண்டாள். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சாயங்காலம் மகன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். ஞாயிறு ஒரு காதுகுத்து. சொல்லாமலிருப்பதற்கு ஒவ்வொரு வாரமும் நல்ல காரணம் ஒன்று கிடைத்தது. பிறகு காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன்.

இதற்கிடையே காங்கேயத்து மோட்டார் அற்புதமாக ஓடியது. ஓடாமல் என்ன? உள்ளே இருப்பது நான் வாழ்நாளெல்லாம் செய்து செய்து தேறிய பழைய கார்பன் வளையம். பெட்டி அனுப்பும் கோடு நேராக, அழகாக இருந்தது. அதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளூரப் பெருமைகூட வந்தது. இவ்வளவு கேவலமான பெருமையை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

மருமகள் அறிக்கை எழுதினாள்: மிகக் கடினமான தண்ணீரில் புதிய வளையம் தேய்மானம் இன்றி ஓடுகிறது. கோயமுத்தூரில் மோட்டார் தயாரிப்பாளர்களும் பொறியாளர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் அதை மேடையேறிச் சொன்னாள். நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தயங்காமல், திணறாமல் பேசினாள். “பொம்பளப் புள்ள பட்டறைக்கு வந்து என்ன பண்ணப்போகுது” என்று ஒரு காலத்தில் என்னிடம் கேட்டவர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். நான் முதல் வரிசையில் இருந்தேன். எல்லோருக்கும் முன்பாகக் கைதட்டத் தொடங்கியவன் நான்தான்.

மாதாந்திரக் காணொளிப் பேச்சு ஒன்றில்தான் எல்லாம் என் கழுத்துக்கு வந்தது. பின்லாந்துக்காரர் அன்று மிக உற்சாகமாக இருந்தார். காங்கேயத்து முடிவை நம்பிப் பெரிய உலை ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கப்போவதாகச் சொன்னார். இப்போதிருக்கும் சின்ன உலையில் ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும். பெரிய உலை வந்துவிட்டால் எங்கள் பட்டறைக்கு வேண்டிய அத்தனை வளையங்களையும் அனுப்பலாம். மானியத்தில் உலைக்குப் பணம் கிடையாது. அதனால் அவர்களுடைய அப்பா விட்டுப்போன காட்டை அண்ணனும் தங்கையும் வங்கியில் அடமானம் வைக்கப்போகிறார்கள். அந்த வாரத்திலேயே கையெழுத்து.

எங்கள் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற நிலத்தைத்தான் காடு என்போம். அவர் சொன்னது மரம் நிற்கிற காடு. ஆனால் அப்பன் விட்டுப்போன காட்டை அடகு வைப்பது என்றால் என்னவென்று ஒரு கொங்கு நாட்டுக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. மருமகள் கைகுவித்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். தோட்டத்தில் உடைந்த அந்த வளையத்தை இரண்டு பேர் தங்கள் காட்டைக் கொடுத்து வாங்கப்போகிறார்கள். அது எனக்கும் பிட்டருக்கும் தோட்டக்காரருக்கும் மட்டும் தெரியும். பிட்டரும் தோட்டக்காரரும் என் முகத்துக்காகச் சும்மா இருப்பவர்கள்.

திரும்பி உள்ளே போனேன். அவள் பேசி முடித்துவிட்டுச் சோதனைத் தொட்டியில் ஒரு மோட்டாரை ஓடவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்த அளவுக்குத்தான் என் தைரியம்.

“அம்மணி, காங்கேயத்துல அன்னிக்கு ஷட்டவுன் இல்ல.”

“என்னங்க மாமா?”

“கரெண்ட் போகுல. வளையம் ஒடஞ்சுபோச்சு. நாந்தான் நம்ம கார்பன மாட்டிப்போட்டேன்.”

அவள் மோட்டாரை அணைத்தாள். தொட்டித் தண்ணீர் அலையடித்து அடங்கியது.

“அப்ப இத்தன நாளா ஓடுனது?”

“நம்ம பழசு.”

“நான் மேடையில சொன்னது?”

“அதுவும்தான் கண்ணு.”

“கண்ணுங்காதீங்க மாமா இப்ப.” குரல் உயரவில்லை. “ஷட்டவுன்னு எழுதுனது நானுங்க. கையெழுத்துப் போட்டது நானுங்க. நீங்க ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா, ஒடஞ்சுதுன்னு எழுதிப்போட்டு அடுத்த வேலையப் பாத்திருப்பேன். ஒடையறதுக்குத்தானுங்களே பணம் குடுத்தாங்க!”

முதல் நாள் அவள் சொன்னபோது நான் சிரித்தேனே, அந்த வாக்கியம்தான் இது.

“போனப் போடட்டுமாங்க? அவங்க பேங்குக்குப் போறதுக்குள்ள சொல்லோணும்.”

“நீயே பேசு அம்மணி. எனக்கு இங்கிலீசு அந்தளவுக்கு…”

“நீங்க காலேஜுல இங்கிலீசுலதானுங்க மாமா பாடம் நடத்துனீங்க. நான் சொன்னா மாமனாரக் காட்டிக்குடுத்த மருமக ஆவேன். நீங்க சொல்லாம உட்டா, ரெண்டு பேரும் சேந்து பொய் சொன்னவங்க ஆவோம். நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். திரையில் பின்லாந்துக்காரரின் முகம் கொஞ்சங்கொஞ்சமாக மாறியதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மாடுகளைப் பற்றி ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வளையம் உள்விளிம்பில் உடைந்ததா, வெளிவிளிம்பிலா என்பது. வெளிவிளிம்பு என்றேன். கீறல்கள் வட்டமாகவா, குறுக்காகவா? வட்டமாக. அதன் பிறகுதான் அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்றார். அவர் வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாராம். போனை வைப்பதற்கு முன், இன்றைக்கு உங்கள்மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன், நாளைக்குக் கொஞ்சம் குறையலாம், அந்த வளையத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்றார்.

நானும் மருமகளும் காங்கேயம் போனோம். வழி நெடுக அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மோட்டார் அறைச் சுவரில் வளையம் இல்லை. தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். “இங்கதானுங்க கெடந்துச்சு… ஏ புள்ள, அந்தக் கருப்பு வட்டு எங்க?”

அவர் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். “பால் போசி மேல இருக்குதுங்க.”

அப்படியேதான் இருந்தது. பூனை மூடியைத் தள்ளிப் பாலைக் குடித்துவிடுகிறதென்று, பால் பாத்திரமான அந்தப் போசியின் மூடித்தட்டத்துக்குமேல் கனத்துக்கு வைத்திருந்தார். உடைந்த துண்டும் பக்கத்திலேயே, அடுப்புமேடையில், சின்னக் கிண்ணத்துக்குக் கனமாக. இரண்டு அரசுகளும் இரண்டு கம்பெனிகளும் காத்திருந்த ஆராய்ச்சி முடிவு ஒரு பூனையை விரட்டிக்கொண்டிருந்தது.

“இது வேணுங்கக்கா” என்றாள் மருமகள்.

“எடுத்துக்க அம்மணி. ஆனா எம் பூனைக்கு யாரு பதில் சொல்றது?”

எவ்வளவோ மணி நேரத்துக்குப் பிறகு மருமகள் முகத்தில் முதல் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்து அல்ல. அந்த அம்மாவைப் பார்த்து. வண்டியிலிருந்து ஒரு பழைய கார்பன் வளையத்தை எடுத்துப் போசிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

வளையம் பின்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இடைக்கால மதிப்பாய்வு வந்துவிட்டது. இரண்டு நாட்டு மதிப்பீட்டாளர்களும் திரையில் இருந்தார்கள். மருமகள் எழுந்து, முதலில் என் மாமனார் பேசுவார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். ஷட்டவுன் என்ற பொய் என்னுடையது, திட்டத்தலைவிக்கு அது தெரியாது என்பதை முதலிலும் சொன்னேன், கடைசியிலும் சொன்னேன். நம் நாட்டு மதிப்பீட்டாளர் ஒரு பெண் விஞ்ஞானி. ஏன் செய்தீர்கள் என்று கேட்டார். தண்ணீர் நின்ற தோட்டத்தை விட்டுவிட்டு வருவது எங்கள் தொழிலில் அவமானம் என்றேன்.

அவர் சட்டென்று தமிழுக்கு மாறினார். “எங்கப்பாவும் கரூர்ப் பக்கம் வெவசாயிதானுங்க. நீங்க வளையத்த மாத்துனது எனக்குப் புரியுது. மறைச்சது புரியல.”

“எனக்கும் புரியலீங்க” என்றேன். அதைவிட உண்மையான பதில் என்னிடம் இல்லை.

தண்டனை இருந்தது. இருக்கத்தான் வேண்டும். எங்கள் பங்கு மானியத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். வெளியார் ஒருவர் சாட்சியாக இல்லாமல் எந்த மோட்டாரையும் திறக்கக்கூடாது என்றார்கள். அறிக்கையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். மருமகள் அதோடு நிறுத்தவில்லை. யாரும் கேட்காமலேயே, அதே பொறியாளர் கூட்டத்தில் நேரம் வாங்கிக்கொண்டு மேடையேறி, சென்ற முறை தான் சொன்னது தவறு என்றாள். என்னைக் குறிப்பிடவில்லை, சோதனையில் பிழை என்று மட்டும் சொன்னாள். பின்வரிசையில் யாரோ, “அதான பாத்தேன்” என்றது முன்வரிசைக்குக் கேட்டது. நான் எழுந்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆனாலும் அந்த ‘அதான பாத்தேன்’ அவள் காதில் விழுந்தது விழுந்ததுதான். அதை நான் எழுந்து நின்றதால் எடுத்துவிட முடியவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாமலிருப்பது அது ஒன்றுதான்.

பின்லாந்துக்காரர்கள் உலை வாங்கவில்லை. காடு அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. பால் போசி வளையத்தை அறுத்துப் பார்த்துவிட்டு அவர் அனுப்பிய விளக்கம் எளிமையானது: மோட்டார் நின்று நின்று ஓடும்போது எங்கள் தண்ணீரின் சுண்ணாம்பு வளையத்தின் முகத்தில் படிகிறது, அடுத்த முறை ஓடும்போது அந்தப் படிவு உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. வளையத்தில் தண்ணீர் கழுவிக்கொண்டு ஓடச் சின்ன வாய்க்கால்கள் வெட்டினால் சரியாகலாம். விண்ணப்பத்தில் மருமகள் எழுதி, நான் அலட்சியமாகத் திருப்பிக் கொடுத்தேனே, அந்தக் கடின நீர்தான். இந்தத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் உண்மையான முடிவு என்று கடிதத்தில் எழுதியிருந்தார். கடைசியில், பூனை நலமா என்று கேட்டிருந்தார்.

இப்போது வாய்க்கால் வெட்டிய புது வளையங்கள் ஓடுகின்றன. நன்றாகவே ஓடுகின்றன. இது தேறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மோட்டார் விஷயத்தில் என் கணிப்பு அதிகம் தவறியதில்லை. ஆனால் என் கணிப்பை இப்போது யாரும் பதிந்துகொள்வதில்லை. அதுவும் சரிதான்.

சென்ற வாரம் காங்கேயத்திலிருந்து மறுபடியும் போன். “ஏனுங்க, நின்னுபோச்சுங்க.” வண்டிச் சாவியைத் தொடுவதற்கு முன் மருமகளைக் கூப்பிட்டேன்.

“அம்மணி, காங்கேயம் நின்னுபோச்சு.”

“எப்பிருந்துங்க மாமா?”

“பாலு கறந்து முடிச்சப்ப நின்னுச்சாமா.”

“கரெண்ட் இருக்குதுங்களா?”

“இருக்குது.”

மாற்று மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனோம். கல்லூரியிலிருந்து சாட்சிக்கு ஒருவர் வந்தார். நின்ற மோட்டாரை எடுத்து, ஈரத்தோடு சாக்கில் சுற்றி, மருமகள் கொடுத்தனுப்பிய முத்திரையைப் போட்டு வண்டியில் வைத்தோம். மாற்று மோட்டாரை இறக்கித் தண்ணீர் விட்டோம். எனக்கு வேலை இல்லை. தென்னைமர நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பத்தடி தூரத்தில் சாக்குக்குள் மோட்டார். ஸ்பேனரை எடுத்தால் காரணம் தெரிந்துவிடும். கை அரித்தது.

தோட்டக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்னங்க, கையக் கட்டீட்டு உக்காந்துட்டீங்க? பழுது பாக்கறது மறந்துபோச்சுங்களா?”

“மறக்கலீங்க.”

“அப்பறம் தொறந்து பாக்கறதுக்கென்ன?”

“அம்மணி தொறக்கும்ங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மோருக்குக் குரல் கொடுத்தார். மாடுகள் தொட்டிக்கு வந்திருந்தன. மோரை வாங்கிக் குடித்துவிட்டு, வண்டி கிளம்பும்வரை அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.